எளிய கேமரா: ஒரு மதிப்பீடு

நல்ல புகைப்படம் எடுக்க என்ன வேண்டும் என்று பள்ளி மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் "நல்ல கேமரா வேண்டும்" என்பார்கள். நல்ல கேமரா எது என்று மேலும் கேட்டால், "விலை உயர்ந்தது" என்ற விடை வரும். இந்த நம்பிக்கையால் எத்தனையோ படங்கள் எடுக்கப்படாமலே போய்விடுகின்றன. கையில் இருப்பது சாதாரணக் கருவிதானே என்று எண்ணி, பாட்டியின் முகத்தையும், கிணற்றடி வேப்ப மரத்தையும், பள்ளிக்கூடத்தின் பழைய ஓட்டுக் கூரையையும் நாம் படம் பிடிக்காமல் விட்டுவிடுகிறோம். பிறகு பாட்டியும் இருப்பதில்லை, மரமும் இருப்பதில்லை.

இந்த நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை? கேமராவின் விலைக்கும் படத்தின் தரத்துக்கும் என்ன தொடர்பு? ஒரு புத்தகத்தை மதிப்பிடுவது போல எளிய கேமராவையும் மதிப்பிட்டுப் பார்ப்போம். அதைப் போற்றுவதற்கும் தூற்றுவதற்கும் முன்னால், அதைக் கொண்டு எடுக்கப்பட்ட ஒரு படத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு பாலமும் ஒரு படமும்

1953-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் வட பகுதியில் ரெட்டிங் என்ற ஊருக்கு அருகே, சாஸ்டா ஏரியின் குறுக்கே பிட் ஆற்றுப் பாலம் செல்கிறது. அதன் மேல் சென்ற ஒரு பெரிய சரக்கு லாரி நிலை தவறியது. அதன் முன்பகுதி பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு வெளியே போய் அந்தரத்தில் தொங்கியது. ஓட்டுநரும் அவருடைய துணை ஓட்டுநரும் உள்ளே இருந்தனர். கீழே பாறைகள்.

அவ்வழியே குடும்பத்துடன் காரில் வந்துகொண்டிருந்தார் வர்ஜீனியா ஷா என்ற பெண்மணி. அவருடைய கணவர் வால்டர் ஷாவும் மற்றப் பயணிகளும் ஓடிச் சென்று கயிற்றை இறக்கினர். வர்ஜீனியாவிடம் ஒரு பிரௌனி பெட்டிக் கேமரா இருந்தது. அதிலிருந்த பிலிமின் காலக்கெடு முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. மிச்சமிருந்தது இரண்டே படங்களுக்கு இடம். அவர் பாலத்தை விட்டு விலகி, எதிரே இருந்த ஒரு மேட்டுக்குச் சென்றார். அங்கிருந்து இரண்டு படங்கள் எடுத்தார். லாரியில் இருந்த இருவரும் காப்பாற்றப்பட்டனர்.

அவர் அந்தப் படத்தைச் சாக்ரமெண்டோ பீ என்ற நாளிதழ் நடத்திய போட்டிக்கு அனுப்பினார். பத்து டாலர் பரிசு கிடைத்தது. பின்னர் செய்தி நிறுவனத்தின் மூலம் படம் பல இதழ்களுக்கும் சென்றது. 1954-ஆம் ஆண்டு புகைப்படத்துக்கான புலிட்சர் பரிசு அதற்கே வழங்கப்பட்டது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் வர்ஜீனியா ஷாதான். செய்தித்தாள் புகைப்படக்காரர்கள் அக்காலத்தில் பெரிய தகட்டுக் கேமராக்களையும் மின்னல் விளக்குகளையும் சுமந்து திரிந்தவர்கள். அவர்களுக்குக் கிடைக்காத பரிசு ஒரு விளையாட்டுப் பெட்டி போன்ற கருவிக்குக் கிடைத்தது.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வோர் உண்டு. அந்தக் கூற்றை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. படத்தையே பார்த்து முடிவு செய்வோம்.

படத்தின் குணமும் குறையும்

முதலில் குறைகளைச் சொல்லிவிடுவோம். படத்தில் எவருடைய முகமும் தெளிவாக இல்லை. கயிற்றைப் பற்றியிருக்கும் மனிதர் மிகச் சிறிய உருவமாகத் தெரிகிறார். நுணுக்கங்கள் கூர்மையாக இல்லை. அச்சத்தையோ கண்ணீரையோ அருகிலிருந்து காட்டும் படம் அன்று இது. பெரிய கேமராவும் தொலை லென்சும் கொண்ட ஒருவர் அங்கே இருந்திருந்தால் இந்தக் குறைகள் இருந்திரா.

ஆனால் இந்தப் படத்தில் இருக்கும் செய்தி என்ன என்று பாருங்கள். பாலத்தின் விளிம்பு தெரிகிறது. அதிலிருந்து கீழ் நோக்கித் தொங்கும் லாரியின் முன்பகுதி தெரிகிறது. கயிற்றில் ஊசலாடும் மனிதர் தெரிகிறார். மேலே நின்று இழுப்பவர்கள் தெரிகிறார்கள். அவருக்கு அடியில் உள்ள வெறுமையும் தெரிகிறது. எங்கிருந்து விழுந்தார், எதில் தொங்குகிறார், யார் காப்பாற்றுகிறார்கள், கை நழுவினால் என்ன ஆகும் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரே சட்டத்துக்குள் விடை இருக்கிறது. தலைப்பே இல்லாமல் அச்சிட்டாலும் பார்ப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும்.

இந்த விடைகளைத் தந்தது லென்சு அன்று, நின்ற இடம். வர்ஜீனியா ஷா பாலத்தின் மேலேயே நின்று எடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? குனிந்து நிற்பவர்களின் முதுகுகள் கிடைத்திருக்கும். மேலிருந்து கீழே பார்த்தால் உயரம் தெரியாது. கயிற்றின் நீளமும் தெரியாது. பக்கவாட்டில் விலகிச் சென்று பார்க்கும்போதுதான் உயரம் உயரமாகத் தெரியும். இதை அவர் சில நொடிகளில் முடிவு செய்தார். அந்த முடிவுக்காகச் செலவான பணம் ஏதுமில்லை. விபத்தைக் காண நேர்ந்தது தற்செயல். மேட்டுக்குச் சென்றது தற்செயல் அன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டிக் கேமராவால் அருகிலுள்ள பொருளைத் தெளிவாகப் படம் பிடிக்க முடியாது. சில மீட்டர் தள்ளி நின்றே ஆக வேண்டும். இங்கே காட்சியும் அதையேதான் கேட்டது. கருவியின் குறையும் காட்சியின் தேவையும் ஒரே திசையில் அமைந்துவிட்டன. கருவியின் எல்லையை அறிந்து அதற்குள் நின்று வேலை செய்தால் அந்த எல்லை ஒரு தடையாகத் தோன்றுவதில்லை. எளிய கேமரா கற்பிக்கும் முதல் பாடம் இதுவே.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

இனிக் கருவியைப் பார்ப்போம். 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் முதல் கோடக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். நூறு படங்களுக்கான பிலிம் உள்ளேயே இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். படங்களும் புதிய பிலிம் போட்ட கேமராவும் திரும்பி வரும். 1900-இல் அதே நிறுவனம் பிரௌனி என்ற பெட்டிக் கேமராவை ஒரே ஒரு டாலருக்கு வெளியிட்டது. சிறுவர்களை எண்ணிச் செய்யப்பட்ட அந்த அட்டைப் பெட்டி முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. புகைப்படம் பணக்காரர் வீட்டுக் கூடத்திலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தது அப்போதுதான்.

நம் நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது பரோடாவில் தயாரிக்கப்பட்ட ஆக்பா கிளிக் 3. 120 என்ற எண்ணுள்ள பிலிம் சுருளில் 12 சதுரப் படங்கள் எடுக்கலாம். உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஓரம் வெள்ளையாக விட்டு அச்சிட்ட சதுரமான கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால், அவற்றில் சில அதில் எடுத்தவையாக இருக்கலாம்.

இத்தகைய கேமராவில் இருப்பவை நான்கே உறுப்புகள்: ஒளி புகாத பெட்டி, எளிய லென்சு, ஒரு சிறு துளை, சுருள்வில்லால் இயங்கும் ஷட்டர். தூரத்தைக் கணித்துத் திருகும் வளையம் இல்லை. பிறகு எப்படிப் படம் தெளிவாக விழுந்தது? சூட்சுமம் அந்தச் சிறு துளையில் இருக்கிறது.

லென்சு ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ள பொருளின் பிம்பத்தைத்தான் பிலிமின் மேல் மிகச் சரியாகக் குவிக்கும். மற்றத் தூரங்களில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாக மங்கும். அந்த வட்டம் மிகச் சிறியதாக இருந்தால் நம் கண் அதைப் புள்ளியாகவே ஏற்றுக்கொள்ளும். துளை சிறுத்தால் வட்டமும் சிறுக்கும். எவ்வளவு என்று ஒரு சிறு கணக்கால் அறியலாம். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் பெருக்கி, நாம் ஏற்கும் மங்கல் வட்டத்தின் விட்டத்தால் வகுக்க வேண்டும். பெரிய பிலிம் போடும் பெட்டிக் கேமரா ஒன்றில் குவியத் தூரம் 100 மில்லிமீட்டர், துளை 7 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெரிதாக்காமல் அச்சிடும் படத்துக்கு 0.1 மில்லிமீட்டர் மங்கலை ஏற்கலாம். 100-ஐ 7-ஆல் பெருக்கி 0.1-ஆல் வகுத்தால் 7,000 மில்லிமீட்டர், அதாவது 7 மீட்டர் வருகிறது. லென்சை 7 மீட்டர் தூரத்துக்குச் சரிசெய்து அசையாமல் பொருத்திவிட்டால், அதில் பாதியான 3.5 மீட்டரிலிருந்து தொலைவில் உள்ள மலை வரை எல்லாம் தெளிவாகவே தோன்றும். திருகு வளையம் எதற்கு?

சிறு துளை இன்னொரு உதவியும் செய்கிறது. எளிய லென்சில் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு இடங்களில் குவியும். ஓரத்தின் வழியே வரும் கதிர்களும் நடுவே வரும் கதிர்களும் ஒரே இடத்தில் சேரா. துளையைச் சிறுக்கினால் இந்தப் பிழைகள் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆயினும் படத்தின் மூலைகள் சற்று மங்கலாகவே இருக்கும். சில கேமராக்களில் இதைக் குறைக்கப் பிலிமையே சற்று வளைத்து நிறுத்தினார்கள். இந்த மங்கலைக் கலையழகு என்று புகழ்வோரும் இன்று உண்டு. நாம் அதைக் குறை என்றே சொல்வோம், பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை.

ஒளியின் அளவை எப்படிச் சரிசெய்தார்கள்? நடுப்பகல் வெயிலில் படம் எடுப்பதற்குப் புகைப்படக்காரர்களிடம் ஒரு பழைய விதி உண்டு. குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது துளை எண். துளை எண் 16 ஆக இருந்தால், பிலிமின் வேக எண்ணைக் கீழே போட்டு ஒன்றை வகுத்த அளவு நொடி போதும். வேக எண் 100 என்றால் 1/100 நொடி. நம் பெட்டிக் கேமராவின் துளை எண் ஏறத்தாழ 14; ஷட்டர் சுமார் 1/40 நொடி திறக்கும். ஆக, தேவையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளி உள்ளே போகிறது. நெகடிவ் பிலிம் ஒளிப் பற்றாக்குறையைத் தாங்காது. ஆனால் மிகுதியை நன்றாகத் தாங்கும். அச்சிடும்போது சரிசெய்துகொள்ளலாம். காலம் கடந்த பிலிம் தன் உணர்திறனைச் சிறிது சிறிதாக இழக்கிறது. அந்த இழப்பை இந்த மிகுதி ஈடுசெய்துவிடும். காலம் கடந்த பிலிமில் எடுத்த படம் பரிசு பெற்றது என்ற செய்தியில் மாயம் ஏதும் இல்லை என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

தோற்ற இடங்கள்

எளிய கேமராவின் வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது மதிப்பீடு ஆகாது. என் மாமாவிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. என் பாட்டியின் அறுபதாவது வயதில் வீட்டில் ஒரு சிறு விசேஷம் நடந்தது. மாமா அன்று ஒரு முழுச் சுருளையும் எடுத்தார். கழுவி வந்தபோது ஐந்து படங்கள்தான் விழுந்திருந்தன. பூசை அறையில் எடுத்தவையும் சாப்பாட்டுப் பந்தியில் எடுத்தவையும் ஒன்றுகூட விழவில்லை. ஸ்டுடியோக்காரர் பிலிமைக் கெடுத்துவிட்டார் என்று மாமா நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் மேல் தவறில்லை என்று பிற்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நேர் வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மின்விளக்கு எரியும் சாதாரண அறையில் 100 லக்ஸ் அளவே இருக்கும். ஆயிரம் மடங்கு வேறுபாடு! நம் கண்ணின் பாவையும் விழித்திரையும் இதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்வதால் நமக்கு அந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை. பிலிமுக்குத் தெரியும். வெயிலில் 1/40 நொடி திறந்த ஷட்டர், அறைக்குள் அதே அளவு ஒளியைப் பெற 25 நொடி திறந்திருக்க வேண்டும். பந்தியில் யார் 25 நொடி அசையாமல் இருப்பார்கள்?

விழுந்த ஐந்து படங்களில் ஒன்று திண்ணையில் எடுத்தது. பாட்டி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நேர் வெயில் இல்லை. ஆனால் திறந்த வானத்தின் ஒளி பக்கவாட்டில் விழுகிறது. கன்னத்தின் சுருக்கங்களும் காதின் பாம்படமும் தெளிவாகத் தெரிகின்றன. பாட்டியின் படம் என்று எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். மாமாவுக்கு ஒளியின் கணக்குத் தெரிந்திருந்தால் எல்லோரையும் திண்ணைக்கும் முற்றத்துக்கும் அழைத்து வந்திருப்பார். பன்னிரண்டும் விழுந்திருக்கும். நாங்கள் ஏழு படங்களை இழந்தது மலிவான கேமராவால் அன்று. அதன் எல்லை எது என்று எவரும் எங்களுக்குச் சொல்லாததால்.

பெட்டிக் கேமராவை விற்றவர்கள் மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு இதுவே. பொத்தானை அழுத்தினால் போதும் என்று சொல்லிப் புகைப்படத்தை எல்லோருக்கும் தந்தார்கள். அது பெரிய தொண்டு. அதனோடு, உள்ளே நடப்பதை அறிய வேண்டியதில்லை என்ற எண்ணத்தையும் சேர்த்துத் தந்துவிட்டார்கள்.

சட்டைப் பையில் ஒரு பெட்டி

அந்தப் பெட்டி இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. விலை குறைந்த கைபேசியின் கேமராவும் பெட்டிக் கேமராவின் பேரப்பிள்ளைதான். ஆனால் அதை விற்கும் விளம்பரங்கள் ஒரே ஒரு எண்ணைத்தான் உரக்கச் சொல்கின்றன: 50 மெகாபிக்சல், 64 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல்! மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் பிம்பப் புள்ளிகள். எண் பெரிதானால் படமும் சிறக்குமா?

ஒளி அலையாகப் பரவுகிறது. ஒரு துளையின் வழியே செல்லும்போது அது விளிம்பில் சற்று வளைந்து விரிகிறது. இதை விளிம்பு விளைவு என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இதனால் எவ்வளவு சிறந்த லென்சும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் குவிக்க முடியாது. ஒரு சிறு வட்டமாகத்தான் குவிக்கும். அந்த வட்டத்தின் விட்டம், 2.44-ஐ ஒளியின் அலைநீளத்தாலும் துளை எண்ணாலும் பெருக்கினால் கிடைக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான், கைபேசியின் துளை எண் 1.8 என்று கொள்வோம். விடை ஏறத்தாழ 2.4 மைக்ரான். 2019 முதல் வந்த 108 மெகாபிக்சல் கைபேசிகள் பலவற்றில் ஒரு பிக்சலின் அகலம் 0.7 அல்லது 0.8 மைக்ரான்தான். அதாவது இயற்கை அனுமதிக்கும் மிகச் சிறிய வட்டத்தின் குறுக்கே மூன்று பிக்சல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அத்தனையும் ஏறத்தாழ ஒரே செய்தியையே பதிவு செய்கின்றன.

இது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். ஆகையால்தான் அத்தகைய கைபேசிகள் பல, வழக்கமாக ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு பிக்சலாகக் கணக்கிட்டு, 12 மெகாபிக்சல் படத்தையே நமக்குத் தருகின்றன. 108-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் ஓர் எண். படத்தில் வேறோர் எண். 8 அங்குலத்துக்கு 12 அங்குலம் உள்ள பெரிய படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் நேர்த்தியாக அச்சிட எவ்வளவு வேண்டும்? 2,400-ஐ 3,600-ஆல் பெருக்கினால் 86 லட்சத்து 40 ஆயிரம். ஒன்பது மெகாபிக்சல் போதும்! ஐந்தாறு ஆண்டுகள் பழைய கைபேசியிலும் இந்த அளவு இருக்கும்.

அப்படியானால் விலை உயர்ந்த கேமராவுக்கு மேன்மையே இல்லையா? உண்டு. அது எண்ணிக்கையில் இல்லை; பரப்பில் இருக்கிறது. ஒளி, போட்டான் எனும் துகள்களாக வந்து விழுகிறது. மழைத் துளிகளைப் போல ஒழுங்கின்றி விழுகிறது. ஓரிடத்தில் சராசரியாக 100 போட்டான்கள் விழுந்தால், அந்த எண்ணிக்கை அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு முன்பின் மாறும். பிழை நூற்றுக்குப் பத்து. 10,000 விழுந்தால் மாறுபாடு 100. பிழை நூற்றுக்கு ஒன்றுதான். இருட்டில் எடுத்த கைபேசிப் படத்தில் மணல் தூவியது போலத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர் உணர்தகடு கொண்ட பெரிய கேமராவின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். எளிய கைபேசியில் அது 25 சதுர மில்லிமீட்டர் அளவே இருக்கலாம். முற்றத்தில் இரண்டு பாத்திரங்களை வைத்தால் அகன்ற பாத்திரத்தில்தானே அதிக மழைநீர் சேரும்? மங்கிய ஒளியிலும், தொலைவிலுள்ள பறவையை எடுக்கும்போதும் பெரிய கேமரா வெல்லும். அதை மறுக்க முடியாது. பகல் வெளிச்சத்தில், சில மீட்டர் தூரத்தில், மனிதரையும் மரத்தையும் வீட்டையும் எடுக்கும்போது அந்த வேறுபாடு மிகவும் சுருங்கிவிடும். நம் வாழ்க்கையின் பெரும்பகுதி நடப்பதும் அங்கேதானே?

கேமரா திருத்தும் முகம்

கைபேசியின் மேல் இன்னொரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. அது மெகாபிக்சலைவிட முக்கியமானது. பெட்டிக் கேமரா தன் முன் இருந்ததையே பதிவு செய்தது. மங்கலாகப் பதிவு செய்திருக்கலாம், ஆனால் திருத்தவில்லை. கைபேசியோ, படம் எடுத்த மறுகணமே அதைத் திருத்தத் தொடங்கிவிடுகிறது. மணல் தூவியது போன்ற பிழையை நீக்கும்போது அதனோடு தோலின் நுணுக்கத்தையும் வழித்துவிடும். அழகூட்டும் ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் சுருக்கங்களை அழித்து, பல கைபேசிகளில் நிறத்தையும் வெளுப்பாக்கிவிடும். மாநிறமும் கறுப்புமான நம் முகங்களுக்கு எவர் கேட்டு இந்தத் திருத்தம்?

என் பாட்டியை இப்படி ஒரு கருவி எடுத்திருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது பாட்டியின் முகம் அன்று; யாரோ ஒருவருடைய முகம். அறிவியல் மாணவருக்கு இது இன்னும் ஆபத்து. நெல் இலையில் விழுந்த நோய்ப் புள்ளியின் நிறத்தையோ, வண்ணத்துப்பூச்சியின் சிறகையோ பதிவு செய்யும்போது கருவி தன் விருப்பம்போல் நிறத்தைக் கூட்டினால் அந்தப் படம் சான்றாகப் பயன்படாது. எனவே அழகூட்டும் ஏற்பாட்டை முதலில் அணைத்துவிடுங்கள். இலையின் அருகில் ஒரு வெள்ளைத் தாளையும் அளவுகோலையும் வைத்து எடுங்கள். நிறத்துக்குத் தாளும் நீளத்துக்குக் கோலும் சாட்சி சொல்லும்.

நீங்களே செய்து பாருங்கள்

சொன்னதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். நான்கு சோதனைகள் போதும். எவற்றுக்கும் பணச் செலவில்லை.

ஒன்று: வீட்டில் ஒருவரைக் காலை பத்து மணிக்கு அறையின் நடுவிலும், சன்னல் ஓரத்திலும், திண்ணையிலும், நேர் வெயிலிலும் நிறுத்தி நான்கு படங்கள் எடுங்கள். கருவி ஒன்றே, முகமும் ஒன்றே. எந்தப் படத்தில் முகம் நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். சன்னல் ஓரமும் திண்ணையும் வெல்லும் என்பது என் எதிர்பார்ப்பு.

இரண்டு: அதே முகத்தை 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்தும் 150 சென்டிமீட்டர் தூரத்திலிருந்தும் எடுத்து, இரண்டிலும் முகம் ஒரே அளவில் இருக்குமாறு வெட்டிக்கொள்ளுங்கள். மூக்கு நுனி காதைவிடச் சுமார் 12 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அருகிலிருந்து எடுத்தால் மூக்கு 30, காது 42, மூக்கு 1.4 மடங்கு பெருத்துத் தெரியும். தள்ளி நின்றால் 150, 162. வேறுபாடு நூற்றுக்கு எட்டுதான். முகத்தைக் கெடுப்பது லென்சின் விலை அன்று, நாம் நிற்கும் தூரம்.

மூன்று: அந்தி நேரத்தில் கையில் பிடித்து ஒரு படமும், கைபேசியை ஒரு செங்கல்லின் மேல் சாய்த்து வைத்து ஒரு படமும் எடுங்கள். ஆடாத படத்தின் தெளிவைக் காண்பீர்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் முக்காலியின் வேலையில் பாதியை ஒரு செங்கல் செய்துவிடும்.

நான்கு: ஒரு நாளுக்குப் பன்னிரண்டு படங்களே என்று உங்களுக்கு நீங்களே வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். பிலிம் சுருள் நமக்கு விதித்த கட்டுப்பாடு அது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் "இங்கே நின்று எடுப்பது சரியா, இரண்டடி நகர வேண்டுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் செய்தால் முதல் நாள் படங்களுக்கும் கடைசி நாள் படங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள். அதற்குள் கருவி மாறியிருக்காது.

முடிவாக

எளிய கேமராவைப் பற்றிய நம் தீர்ப்பு என்ன? இருட்டில் அது தோற்கும்; தொலைவில் தோற்கும்; வேகமாக ஓடும் பொருளிடம் தோற்கும். இவற்றை ஒப்புக்கொள்வோம். நல்ல ஒளியில், சரியான தூரத்தில், நிற்க வேண்டிய இடத்தை அறிந்தவர் கையில் அது தோற்பதில்லை. விலை உயர்ந்த கேமரா நம் எல்லைகளைச் சற்று அகலமாக்குகிறது. எங்கே நிற்பது என்பதை மட்டும் எந்தக் கேமராவும் சொல்வதில்லை.

பிட் ஆற்றுப் பாலத்தருகே நின்ற அந்தப் பெண்மணி, தன்னிடம் இருப்பது பழைய பிலிமும் சாதாரணப் பெட்டியும்தானே என்று எண்ணிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால், முன்பின் அறியாத ஓர் உயிரைக் கயிற்றால் இழுத்துக் காத்த அந்தச் சிலரின் செயலுக்கு இன்று படச்சான்று இருந்திராது. உங்கள் வீட்டிலும் தெருவிலும் அத்தகைய சாகசம் நடக்காமல் இருக்கலாம். ஆனால் உங்கள் பாட்டி இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? வெளிச்சம் நன்றாக இருக்கிறது. போய் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள்.